ஓசி சாப்ட்வேர்

"ஓசியில கிடைக்கிற பேக்கப் சாப்ட்வேரா? ஓசியில வர்றதுக்கு இன்னாக்கா மரியாதை இருக்குது?"

செஞ்சிக் கடைவீதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் விக்ரமன், அங்கே ஆல்பம் வடிவமைக்கும் தன் அக்கா சுமலதாவை இளக்காரமாகப் பார்த்தான். ஒரு மாதம் அலசிவிட்டு, விலை உயர்ந்த சாப்ட்வேரையும் புது ஹார்ட் டிஸ்க்கையும் வாங்கியிருந்தான்.

"இனிமே கம்ப்யூட்டரே எரிஞ்சாலும் ஒரு படம் போவாது!"

அடுத்த வாரமே கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. அனந்தபுரத்துக் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில்தான் இருந்தன.

"சாயங்காலம் பொண்ணோட நைனா ஆல்பம் பார்க்க வர்றாரு. உன் ஒசத்தி சாப்ட்வேர்லேர்ந்து படத்தை எடுடா" என்றாள் சுமலதா.

விக்ரமன் தலையைச் சொறிந்தான். "அதை இன்னும் பிரிக்கலக்கா."

"பிரிக்கலியா? எங்க இருக்குது?"

"சாமி மாடத்துல. இது ஆடி மாசமாச்சே, புதுசா எதையும் ஆரம்பிக்கக் கூடாது. ஆவணி முதல் முகூர்த்தத்துல போடலாம்னு இருந்தேன்."

"பொட்டு வெச்சியா?"

"வெச்சேன். பூவும் வெச்சேன்."

"அப்ப அதே முகூர்த்தத்துல மாப்பிள்ளையையும் மறுபடி தாலி கட்டச் சொல்லு. படம் புடிச்சிக்கலாம்."

விக்ரமன் முகம் வெளுத்து உட்கார்ந்துவிட்டான். சுமலதா தன் கைப்பையிலிருந்து ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் செருகினாள். திரையில் அனந்தபுரத்து மணமேடை வந்தது.

"எப்படிக்கா?"

"ஓசி சாப்ட்வேர்தான். வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் எல்லாப் படத்தையும் இதுல காப்பி எடுத்துடுவேன்."

"ஆடியிலயா ஆரம்பிச்ச?"

"ஆவணி வரைக்கும் இருப்பியான்னு கம்ப்யூட்டரைக் கேட்டேன். அது பதிலே சொல்லலடா!"