நாற்பத்திரண்டு சைஸ் சட்டை

பால்கனிக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஆண் சட்டையைப் பார்த்ததும் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குளியலறை ஜன்னலில் ஷேவிங் பிரஷ். வாசலில் படகு மாதிரி ஒரு ஜோடி ஷூ.

"யாருடி அவன்?"

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்து கதவைத் திறந்துவிட்டிருந்த தங்கச்சி, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "மெதுவா கேளுக்கா. இது உன் கிளாஸ் ரூம் இல்ல."

அக்கா ஊரில் டீச்சர். ஐம்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். அம்மா அவளை அனுப்பியிருந்தது ஒரே காரியத்துக்காகத்தான். அத்தனை பெரிய நகரத்தில் சின்னவள் பயமில்லாமல் இருக்கிறாள் என்றால் இருக்கட்டும். துளி சந்தேகம் வந்தாலும் பெட்டியைக் கட்டிக் கையோடு கூட்டி வந்துவிட வேண்டும்.

"கீழ செக்யூரிட்டி என்ன சொன்னாரு தெரியுமா? 'மேடத்தோட அக்காவா? ஒரு வருஷமா கேட்ல நிக்கிறேன், சாரைத்தான் இதுவரைக்கும் கண்ணால பார்த்ததில்ல'ங்கிறாரு. எனக்குத் தலை சுத்திடுச்சு. எங்களுக்கே தெரியாம எங்க வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளையா?"

தங்கச்சி சிரித்தபடி கதவை உள்தாழ்ப்பாள் போட்டாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் சங்கிலி.

"மாப்பிள்ளை கொடியிலதான் தொங்குறாரு. சட்டை சைஸ் நாப்பத்திரண்டு. நானே கடைக்குப் போய் எடுத்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை நனைச்சுக் காயப்போடுவேன்."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"குடிவந்த புதுசுல குழாய் ரிப்பேர் பண்ண வந்த ஆளு, வேலை முடிஞ்சும் போகல. ஹாலைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, 'தனியாவா இருக்கீங்க?'ன்னான். அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்து நின்னான். கதவைத் திறக்காம உள்ளேயே உக்காந்திருந்தேன். ஒரு மணி நேரம் தட்டினான்க்கா." தங்கச்சியின் குரல் இறங்கியது. "மறுநாளே எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஒருத்தனும் தட்டல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"தொப்பை உண்டா?"

"லேசா."

"சண்டை போடுவாரா?"

"நான்தான் போடுவேன். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு, 'இன்னைக்கும் லேட்டா?'ன்னு போன்ல கத்துவேன். அக்கம்பக்கத்துல நம்பணும்ல?"

அக்காவுக்குக் கண்ணில் நீர் வருமளவு சிரிப்பு. மாலை நாலரை மணிக்கு, அக்காவுக்கு ஒரு தலையணை வாங்கக் கடைக்குப் புறப்பட்டபோதும் அது அடங்கவில்லை.

லிஃப்டில் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். தேய்த்த சட்டை, காதில் இயர்போன் ஒயர், மூடிய கண்கள். விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

"எப்படியோ, ஐந்நூத்திமூணாம் நம்பர் வீட்டு மாப்பிள்ளை தங்கமானவருடி!" அக்காவின் குரல் லிஃப்ட் முழுக்க நிறைந்தது. "சோறு போட வேண்டாம், துணி மட்டும் துவைச்சாப் போதும். இல்லாத புருஷனை வெச்சு ஒரு கட்டடத்தையே ஏமாத்திட்டியே!"

தங்கச்சி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பாட்டு கேட்டுக்கிட்டிருக்காருடி, அவருக்கு என்ன தெரியப்போகுது?" என்றாள் அக்கா. அவன் காதிலிருந்து இறங்கிய ஒயரின் நுனி, எந்தப் போனிலும் செருகாமல், பெல்ட் அருகே சும்மா ஊசலாடிக்கொண்டிருந்தது.

கீழே வந்ததும் அவன் மரியாதையாக ஒதுங்கி, பெண்களுக்கு வழிவிட்டான்.

ஒரு மணி நேரம் கழித்து, தலையணையும் போர்வையுமாகத் திரும்பினார்கள். கேட்டுக்குள் நுழையும்போதே அம்மாவிடமிருந்து போன்.

"நீ பேசிட்டு வாக்கா. லிஃப்ட்ல சிக்னல் கிடைக்காது." தங்கச்சி மூட்டையை அணைத்துக்கொண்டு முன்னால் போனாள். லிஃப்டின் கதவு மூடியது.

"அம்மா, சொன்னா நம்பு. நம்மளைவிட விவரமா இருக்கா. மூணு தாழ்ப்பாள் போடுறா. யாரும் கிட்ட நெருங்க முடியாது. இனிமே நிம்மதியாத் தூங்கு. நான் ஞாயித்துக்கிழமை தனியாத்தான் வருவேன், அவ இங்கேயே இருக்கட்டும்." அம்மா அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அக்கா லிஃப்டுக்கு நடந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு எண் மெதுவாக மாறிக்கொண்டிருந்தது. மூன்று. நான்கு.

செக்யூரிட்டி முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். "ஒருவழியாப் பார்த்துட்டேம்மா! நீங்க அந்தப் பக்கம் போனீங்க, அவரு இந்தப் பக்கம் வந்தாரு. என்ன தன்மையான மனுஷன்!"

"யாரு?"

ஐந்து. எண் நின்றது.

"நம்ம ஐந்நூத்திமூணு சாரும்மா. சாவி இல்லாம நின்னாரு, நான்தான் ஆபீஸ்ல இருக்கிற டூப்ளிகேட் சாவியைப் போட்டு வீட்டைத் திறந்துவிட்டேன்."