வெள்ளிக் கால்

அந்த வெள்ளிக் கால் பிறிஜெற்றின் கைலேஞ்சித் துணி முடிச்சுக்குள் கிடந்தது. சுண்டுவிரல் நீளம்தான். ஆனாலும் முழங்கால், கணுக்கால், ஐந்து விரல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலது கால்.

"எனக்காம்மா?" என்றான் புஷ்பராஜ்.

"வேற ஆருக்கு? வருஷம் முடியிறதுக்குள்ள அந்தோனியாருக்குக் குடுக்கோணும். கெதியா நட மகன்."

செவ்வாய்க்கிழமை காலை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் த்ரீவீலர் நிறுத்துமிடத்தைத் தாண்டும்போது சாந்தகுமார் அவனைக் கண்டுவிட்டான். உடனே கையிலிருந்த சாவியால் பக்கத்து இரும்புத் தூணில் ஒரு தட்டு. ணங்!

"டோய், கம்பி வாறான்!"

மற்ற ட்ரைவர்களும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், வயிறு எரிந்தவர்கள்தானே. போன வருட இறுதிப் போட்டிக்குச் சாந்தகுமார் பிழைப்பைப் போட்டுவிட்டு, வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு போனவன். கடைசி நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. அடித்தால் கிண்ணம். புஷ்பராஜ் அடித்த பந்து மேல் கம்பியில் பட்டுத் திரும்பி வந்தது. அத்தனை சனம் இருந்த மைதானத்தில் அந்த ணங் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் காலை அவனுடைய ஒன்பதாம் இலக்க ஜேர்சியை யாரோ வீட்டுக் கேற்றில் கிழித்துக் கட்டியிருந்தார்கள். பாண் வாங்கப் போனால் பேக்கரிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதையெல்லாம்கூட அவன் பொறுத்துக்கொண்டான். அந்தச் சத்தத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

சோற்றுப் பானை மூடி விழுந்தால் அது. பக்கத்து வீட்டில் கேற்றைச் சாத்தினால் அது. ஒன்றுமே விழாமல், ஒன்றுமே சாத்தாமல் இருக்கும்போதும் காதுக்குள் அது. தன்னுடைய காலில் ஏதோ பிசாசுதான் குடியிருக்கிறது என்று அவனே நம்பத் தொடங்கியிருந்தான்.

"சனிக்கிழமை ஃபைனல்ல பெனால்டி வந்தா, திரும்பவும் நீதான் அடிக்கிறியோ?" என்று கேட்டாள் பிறிஜெற்.

"ஓம். கடைசிச் சான்ஸ் எண்டு கோச் சொல்லிட்டார். இதையும் விட்டா ரீமில இடமில்ல." அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "கிண்ணம் வெண்டா இத்தாலிக்குப் போறம் அம்மா. போன முறை விட்டதும் அந்தப் பயணம்தானே. நீங்க பயப்பிடாதேங்கோ, நான் திரும்பி வருவன்."

அம்மா நடையை எட்டிப் போட்டாள். மூத்தவன் யூட்டும் இதையே சொல்லிவிட்டுத்தான் போனான். ஒன்பது வருடத்துக்கு முன்பு, இதே கிளப்போடு, இதே இத்தாலிக்கு. ரீம் திரும்பி வந்தது. யூட் அங்கேயே நழுவிவிட்டான். ஆறு மாதம் போன் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோனது. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல இன்றைக்கு வரைக்கும் ஓர் ஆளில்லை.

கோயில் வாசலில் பாக்கியலெட்சுமி மெழுகுதிரி விற்றுக்கொண்டிருந்தாள். முதல் தடவை வந்த பெண் ஒருத்தி, மகளுக்குக் கண் பார்வை திரும்பவேண்டுமென்று வெள்ளிக் கண் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஐயோ அக்கா, மொதல்ல திரியத்தான் ஏத்தணும். வெள்ளியெல்லாம் கேட்டது கெடச்ச பொறகு," என்றாள் பாக்கியலெட்சுமி. "கெடைக்காம யாராச்சும் குடுப்பாங்களா?"

பிறகு அம்மாவுக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு திரி நீட்டினாள். அவளும் ஃபுட்போல் பைத்தியம். "தம்பி, இந்த வாட்டியாவது பந்தக் கீழ அடிங்க சாமி," என்று சொல்லாமல் விடவில்லை.

உள்ளே சனமும் சூடும். புஷ்பராஜ் திரியை ஏற்றி வைத்தான். அந்தோனியாரே, கம்பி வேண்டாம், உள்ளுக்குப் போகட்டும். வேறு ஒன்றும் அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை.

பிறிஜெற் தன் திரியை அவனுடைய சுடரிலிருந்தே பற்றவைத்து, பக்கத்தில் நட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. தனக்காக இப்படி அழ ஓர் ஆள் இருக்கும்போது, சாந்தகுமார் ஊரில் உள்ள தூணெல்லாம் தட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தான்.

பிறகு அவள் கைலேஞ்சியை அவிழ்த்து, சொரூபத்தின் பக்கத்திலிருந்த இரும்புக் கொளுக்கியில் வெள்ளிக் காலை மாட்டினாள். அது கம்பியில் பட்டது.

ணங்.

சின்னச் சத்தம்தான். புஷ்பராஜுக்கு அது அந்தச் சத்தமேதான். வாசலில் பாக்கியலெட்சுமி சொன்னது அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது.

"அம்மா, வெள்ளி குடுக்கிறது கேட்டது கிடைச்சதுக்குத்தானே?"

"ஓம்."

"என்ர காலுக்கு என்ன கிடைச்சது? நோவும் இல்ல, முறிவும் இல்ல. முழு வருஷத்திலயும் நடந்தது ஒண்டே ஒண்டு. அந்தப் பெனால்டிய விட்டனான்."

பிறிஜெற் வெறும் கைலேஞ்சியை நாலாக மடித்தாள். மடித்து முடியும்வரை அவனைப் பார்க்கவில்லை.

"அதுக்குத்தான் மகன்," என்றாள். "யூட்டைக் குடுத்திட்டன். உன்னையும் குடுக்க என்னால ஏலாது."

அவன் பக்கத்திலிருந்த கிராதியைப் பிடித்துக்கொண்டான். எதிரே இரண்டு திரியும் ஒட்டினாற்போல் எரிந்துகொண்டிருந்தன. கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டான்.

"அப்ப... இப்ப ஏத்தின திரி?"

"அது சனிக்கிழமைக்கு."