ஏற்கெனவே போட்ட தையல்

அந்த மூன்று மாதக் குழந்தை பால் குடிக்கும்போதெல்லாம் வேர்த்துக் கொட்டி வீறிட்டு அழுதது. இதயத்துக்கே ரத்தம் தருகிற இடது குழாய், பிறவியிலேயே தவறான இடத்தில் முளைத்திருந்தது. காலையில் எடுத்த ஸ்கேனிலும் அப்படித்தான் தெரிந்தது. அதை வெட்டிச் சரியான இடத்தில் தைக்காவிட்டால் குழந்தை தங்காது.

சர்ஜன் நெஞ்சைத் திறந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன சார், வழக்கமா நீங்க பாடுற பாட்டைக் காணோம்? தப்பிச்சோம்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"இங்க வந்து பாருங்க."

குழாய் சரியான இடத்தில் இருந்தது. அதைச் சுற்றி நீல நூலில் புத்தம்புதுத் தையல்.

"நெஞ்சுல ஒரு தழும்புகூட இல்லையே சார். யார் தைச்சது?" என்றாள் நர்ஸ்.

முடிச்சுகள் இடப்பக்கமாகப் புரண்டிருந்தன. இடது கையால் தைக்கிறவர் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான்.

"நான்தாம்மா" என்றார் சர்ஜன்.

இதயம் நன்றாகத் துடித்தது. செய்ய ஒன்றுமில்லாததால் நெஞ்சை மூடினார். மேலங்கியைக் கழற்றிவிட்டு வெளியே வந்தார்.

பெஞ்சில் குழந்தையின் அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா சுவரோரம் சரிந்து கிடந்தாள்.

"குழந்தை நல்லாருக்குங்க."

அப்பா நிமிர்ந்தார். "ஏன் சார் மாத்தி மாத்திப் பேசுறீங்க? தைச்சும் பிழைக்கலன்னு இப்பதானே வந்து சொன்னீங்க. உங்க தோள்ல சாஞ்சுதானே அழுதேன்."

சர்ஜன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். சட்டை நனைந்திருந்தது.