இன்னும் ஒரே ஒரு குறை

"வரைபடத்துல வடக்கு எந்தப் பக்கம்னு குறி போடலையே" என்றார் மாநகராட்சி அலுவலகத்து அறிவுச்செல்வி மேடம்.

ஜெரோமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதைப் போன தடவையே சொல்லியிருக்கலாமே மேடம்?"

"போன தடவை வரி ரசீதைச் சொன்னேன். இந்தத் தடவை இது."

ஃபைல் மேஜைமேல் அவன் பக்கம் நகர்ந்து வந்தது.

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பழைய ஓட்டு வீட்டு வரிசையை ஸ்தனிஸ்லாஸும் கொடைரோடு முத்துக்கிருஷ்ணனும் கூட்டாக வாங்கியிருந்தார்கள். இடித்துவிட்டுக் கடைகள் கட்டுவதாகத் திட்டம். ஸ்தனிஸ்லாஸிடம் வேலை பார்க்கும் ஜெரோமுக்கு ஒரே பொறுப்பு. இடிக்கவும் கட்டவும் அனுமதி வாங்க வேண்டும்.

முதலில் மூலப்பத்திர நகல் தெளிவாக இல்லை. அது சரியானதும் பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடைவெளி குறைவு. அப்புறம் மழைநீர்த் தொட்டியைக் காணோம். அப்புறம் வரி ரசீது. இப்போது வடக்கு.

"மேடத்துக்கு ஏதாச்சும் செய்யணுமா?" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தான்.

"அந்தம்மா டீயே சொந்தக் காசுலதான் குடிக்கும்."

ஜெரோமுக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது. வாங்குகிறவராக இருந்தால் ஒரு வழி இருக்கும்.

முதலாளியின் கடைக்குத் திரும்பியபோது முத்துக்கிருஷ்ணனும் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்தனிஸ்லாஸ் மேஜையை ஓங்கித் தட்டினார்.

"வடக்கு எங்கே இருக்குன்னு அந்தம்மாவுக்குத் தெரியாதாக்கும்? ஏப்பா முத்து, இந்த ஊர்ல ஒரு செங்கலை நகத்த முடியுதா?"

"அனுமதி வாரப்ப வரட்டும்" என்றார் முத்துக்கிருஷ்ணன். "கடைசி வீட்டுல ஒரு குடும்பம் இன்னும் கிடக்கே, அதைக் கிளப்பு. ஆளுக்கு ஒரு கதை சொல்லும், காதுல வாங்காதே. உன்னால ஏலலைன்னா சொல்லு, நான் ஆள் வெச்சு ஓட்டைப் பிரிக்கிறேன்."

"பிரிச்சுப்புட்டு? அனுமதி இல்லாமக் கை வெச்சா அந்தம்மா ஃபைலையே மூடிப்புடும். இம்புட்டு நாள் அலைஞ்சது அம்புட்டும் வீண்."

முத்துக்கிருஷ்ணன் ஓட்டைப் பிரிக்கும் பேச்சை விட்டார். ஆனாலும் நேரில் பார்த்தாக வேண்டும் என்று இருவரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

கடைசி வீட்டு வாசலில் இன்னாசியம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முத்துக்கிருஷ்ணன் காதில் விழும்படி ஸ்தனிஸ்லாஸ் அதட்டினார்.

"இந்தாம்மா, அனுமதி வந்த மறுநாள் ஜேசிபி வந்துரும். அப்புறம் சட்டி போச்சு, சாமான் போச்சுன்னு அழக் கூடாது."

"சரிங்கய்யா" என்றார் அந்த அம்மாள்.

ஜெரோமுக்குச் சங்கடமாக இருந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுசன், கொஞ்சம் தன்மையாகச் சொன்னால்தான் என்ன?

வடக்கைக் குறித்துக்கொண்டு போனான். "முன்வாசல் படி ரோட்டுக்கு வருதே" என்றார் மேடம். படியை உள்ளே தள்ளி வரைந்து வாங்கிப் போனான். "இன்னும் ஒரே ஒரு குறை" என்றார். அதையும் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தான்.

ஒரு நாள் சாயங்காலம் அவரே போன் செய்தார்.

"வந்து வாங்கிட்டுப் போங்க."

போனால், கையெழுத்து, முத்திரை எல்லாம் பக்காவாக இருந்தது. சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். ஜெரோமால் முடியவில்லை.

"மேடம், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. இம்புட்டுக் குறையையும் மொத நாளே சொல்லியிருந்தீங்கன்னா பொங்கல் கழிஞ்சதுமே முடிஞ்சிருக்கும். எங்க முதலாளியை இப்படி அலைக்கழிச்சதுல உங்களுக்கு என்ன கிடைச்சது?"

மேடம் பேனாவை மூடி வைத்தார்.

"குறை அம்புட்டும் நெசம்தான் சார். நானும் மொத்தமாத்தான் சொல்ல இருந்தேன்."

"அப்புறம் என்ன?"

"கடைசி வீட்டுப் பொண்ணு வினோலியாவுக்கு இன்னைக்குத்தான் ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சிருக்கு. அதுவரைக்கும் ஒண்ணொண்ணாச் சொல்லுங்கம்மான்னு இங்கே வந்து கெஞ்சிட்டுப் போனதே உங்க முதலாளிதான்."