நிழலில்லாத நிமிடம்

"குடைய மடக்குங்க."

"வெயிலப் பாரு கோதை, மண்டை காயுது..."

"போன வருஷமும் இதே சாக்குதான்."

"போன வருஷம் எனக்குக் காய்ச்சல்..."

"காய்ச்சல்லதான் நாலு மாம்பழம் தின்னீங்களா?"

சித்திரையில் ஒரு நாள், சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து, நிமிர்ந்து நிற்கும் எதற்கும் நிழல் விழாமல் போகும். ஊரில் யாரும் அதைக் கொண்டாடுவதில்லை. இந்த வீட்டில் மட்டும் அன்றைக்கு மொட்டைமாடியில் பானகம் உண்டு, ஒரு விதியும் உண்டு. நிழலில்லாத அந்த நிமிடத்தில் கேட்பதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் நிழலில் நிற்பவரை விதி கட்டாது. அதனால்தான் சற்குணம் குடையோடு வந்திருந்தார். மனைவி கோதை பத்து வருடமாக ஸ்கூட்டர் ஓட்டக் கேட்கிறாள். விழுந்துவிடுவாள் என்று அவர் பத்து வருடமாக மறுக்கிறார்.

கவிழ்த்து வைத்த எவர்சில்வர் தம்ளரையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த மகள் இளவேனில் நிமிரவில்லை. "இன்னும் நூலளவுதான் நிழல் இருக்கு. அப்பா, நீங்க பண்றது கள்ள ஆட்டம்."

சற்குணம் சுடுகிற தரையில் கால் மாற்றி மாற்றி நின்றார். பிறகு குடையை மடக்கினார். சட்டைப்பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து நீட்டினார். "இந்தா. விழுந்துட்டு எங்கிட்ட வராத."

கோதை சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஓட்டறதுக்குப் பக்கத்து வீட்டு எஸ்தர்கிட்ட போன மாசமே கத்துக்கிட்டேன். நான் கேக்க வந்தது வேற."

"போயிடுச்சு, நிழல் போயிடுச்சு" என்று இளவேனில் கை தட்டினாள்.

"நான் ஓட்டறேன். பீச் வரைக்கும் பின்னாடி உக்காந்து வருவீங்களா?"