அவரை யார் துரத்துகிறார்கள்?

“அம்மா, மாத்திரை விளம்பரத்துல கடைசியா ஒரு மாமா தடதடன்னு பேசுறாரே, அவரை யாரும்மா தொரத்துறாங்க?”

ஒருநாள் காலை மகள் டெல்லா இப்படிக் கேட்டபோது, லோர்னா சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். டிவியில் ஒரு பெண் சூரியகாந்தித் தோட்டத்தில் நாயோடு சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தாள். பின்னணியில் அந்தக் குரல் தலைசுற்றல், வலிப்பு, மரணம் என்று பக்கவிளைவுகளை ஒரே மூச்சில் கொட்டித் தீர்த்தது.

“அவன் பொய்தான் அவனைத் தொரத்துது. உண்மைன்னா நிதானமா சொல்ல மாட்டானா?”

மனச்சோர்வுக்கு டாக்டர் அவளுக்கு எழுதிக் கொடுத்ததும் அதே மாத்திரைதான். ஃப்ரிட்ஜின் மேல் பிரிக்காமல் கிடந்தது. இலையுதிர் காலம் தொடங்கியதிலிருந்து அவளால் எழுந்து நடமாட முடியவில்லை. டெல்லா ராத்திரியிலும் கார்ன்ஃபிளேக்ஸைத் தின்றுவிட்டுத் தானே போய்ப் படுத்துக்கொண்டாள்.

குழந்தை பள்ளிப் பேருந்தில் ஏறியதும், பக்கத்து வீட்டு வெண்டல் மக்ரோனிச் சட்டியோடு வந்தார். ஓஹையோ மாநிலம் முழுக்கத் தேடினாலும் அவரைவிட மெதுவாகப் பேசுகிறவர் கிடைக்கமாட்டார். அவர் தேவாலயத்தில் வேதம் வாசிக்கும் ஞாயிறுகளில் அவரவர் வீட்டு அடுப்பில் கோழி கருகிவிடும் என்று ஊரே கேலி செய்யும்.

“இன்னும் மாத்திரையைத் தொடலையா, லோர்னா?”

“எப்படித் தொடுவேன்? கம்பெனிக்காரன் பாதுகாப்பானதுன்னு சத்தியம் பண்றான். அடுத்த மூச்சுலயே செத்துப்போவேங்கிறான். அந்தத் தடதட ஆளு மட்டும் கையில கிடைச்சா, இந்த மக்ரோனியைச் சட்டியோட அவன் தலையில கவுத்துடுவேன்!”

வெண்டல் சட்டியைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

“நான் வேணா நிதானமா வாசிச்சுக் காட்டட்டுமா?”

மருந்துப் பையிலிருந்த தாளைப் பிரித்தார். அது பிரியப் பிரிய வளர்ந்து, மேசையை மூடி இரண்டு பக்கமும் தொங்கியது. வேதம் வாசிப்பது போலவே ஆரம்பித்தார். வாய் உலர்வதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. வலிப்புக்கு வந்து சேர்வதற்குள் வாசல் மரத்தில் படிந்திருந்த உறைபனி உருகிவிட்டது.

“இதைக் கவனமாக் கேளுங்க. சிலருக்கு ஆரம்ப வாரங்கள்ல, சாகணும்கிற எண்ணம் கூடலாம். அப்படித் தோணினா அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிடணும். தினமும் காலையில நான் வந்து கதவைத் தட்டுறேன். தெறக்கலைன்னா ஒடச்சுக்கிட்டு உள்ள வருவேன்.”

“நீங்க ஒடச்சு முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும்” என்றாள் லோர்னா. சொன்ன பிறகுதான் தான் சிரிப்பது அவளுக்கே தெரிந்தது.

“இது நல்ல மாத்திரையா, மிஸ்டர் வெண்டல்? நீங்களே சொல்லுங்க.”

“அது எனக்குத் தெரியாதும்மா. இதுல என்ன எழுதியிருக்குன்னுதான் எனக்குத் தெரியும். மிச்சத்தை டாக்டர்கிட்ட கேளுங்க.”

அவள் டாக்டருக்குப் போன் போட்டாள். மனதில் இருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிறகு முதல் மாத்திரையை ஆறிப்போன காபியோடு விழுங்கினாள்.

“உங்களை மாதிரி ஒருத்தர் டிவியில வாசிச்சா, நான் என்னைக்கோ நம்பியிருப்பேன். ரொம்ப நன்றி.”

“நன்றியெல்லாம் எதுக்கு? நான் பட்ட கடன்.”

போன குளிர்காலத்தில் அவர் வீட்டு வாசல் பனியைத் தான் வாரிப்போட்டதைச் சொல்கிறார் என்று லோர்னா நினைத்துக்கொண்டாள். வெண்டல் வாசிக்கும்போதுகூட எடுக்காத கண்ணாடியை இப்போது சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, படிகளைப் பார்த்துப் பார்த்து இறங்கினார்.

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவளுக்காகக் கண்மூடி ஒரு ஜெபம் செய்தார். ஆமென் சொல்வதற்குள் போன் அடித்தது. ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து ஓர் அவசரக் குரல்.

“வெண்டல், அடுத்த மாத்திரை விளம்பரம் வந்திருக்கு. நீங்க வழக்கம்போல மெதுவாவே வாசிச்சு அனுப்புங்க, சாவு வர்ற இடத்தை நாங்க வேகமா ஓட விட்டுக்கறோம்!”