வண்டி போகும் பக்கம்

“மனுசன் கைவிடலாம், கடவுள் கைவிடலாம். கணிதம் ஒருநாளும் கைவிடாது,” என்றார் பேராசிரியர் ராஜமணி. சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த வரைபடத்தாளைக் காற்று தூக்கிக்கொண்டு போய் முள்செடியில் மாட்டியது. கொத்தனார் சுருளியாண்டி போய் எடுத்து வந்தார்.

கம்பத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் மலைப்பாதையில் ஒரு வளைவு அது. ஆடி மாதத்தில் கூலிப்பெண்களின் ஜீப் ஒன்று அங்கே பள்ளத்தில் பாய்ந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். இனி ஒரு ஜீப் விழாதபடி தடுப்புச்சுவர் கட்டித்தர ராஜமணியின் கல்லூரி முன்வந்தது. வந்து இறங்கிய கல் இருபதடிக்குத்தான் காணும். அந்த இருபதடி எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவே அவர் தேனியிலிருந்து காரில் வந்திருந்தார்.

அடிவாரத்துப் பக்கமிருந்து வளைவை அளந்துகொண்டே ஏறி, சமன்பாடு எழுதி, வகைக்கெழு கண்டு, சக்கரத் தடம் பதிந்த புள்ளியில் தொடுகோடு வரைந்திருந்தார். அந்தக் கோட்டுக்கு இப்போது கயிறு பிடித்தார்கள்.

“திரும்ப முடியாத வண்டி இந்தக் கோட்டுலதான் நேராப் போகும்.”

“கயிறு ரெண்டு பக்கமும் பள்ளத்துக்குத்தான சார் போகுது,” என்றார் சுருளியாண்டி.

“வண்டி போற பக்கம் பாருய்யா. மேல் முனை. அங்க கட்டு.”

ஓரமாக நின்ற பஞ்சம்மாள் முன்னே வந்தாள். செத்த ஏழு பேரில் பூமாரி அவள் தங்கை. நாளைக்கும் பஞ்சம்மாள் இதே வளைவைக் கடந்தாக வேண்டும்.

“அங்கன வேணாம் சார். கீழ் முனையில கட்டச் சொல்லுங்க. ஜீப்பு அங்கனதான் விழுந்துச்சு.”

“நீ பாத்தியாம்மா?”

“பின்னால வந்த ஜீப்புல இருந்தேன். எங்கண்ணு முன்னாலதான் போனாக.”

“கண்ணு ஏமாத்தும்மா. வகைக்கெழு ஏமாத்தாது.”

“அப்ப என் தங்கச்சிய கீழ் முனையில இருந்து எப்படி சார் தூக்கியாந்தாக?”

ராஜமணி தாளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “கணக்குப்படி ஓட்டாதது டிரைவர் தப்பு.”

“சார் படிச்சவுக. நீ சும்மா இரு பஞ்சு,” என்று சுருளியாண்டி மண்வெட்டியை எடுத்தார்.

பதினைந்தாம் நாள் திறப்பு விழா. தொடுகோட்டின் மகிமையை முக்கால் மணி நேரம் விளக்கிவிட்டு, தானே எழுதிக்கொடுத்த கல்வெட்டின் திரையை விலக்கினார் ராஜமணி. கூட்டம் கேட்கும்படி சுருளியாண்டி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“வேலை முடிந்து... மலையிலிருந்து இறங்கி வீடு திரும்புகையில்... இவ்வளைவில் உயிர்நீத்த எழுவர் நினைவாக...”

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. பஞ்சம்மாள் வெறுமனே கிடந்த கீழ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜமணி கணக்குப் போட்டது, மலை ஏறுகிற ஜீப்புக்கு.